கடுவன் நாய் வீட்டுக்குள்ள காலைத் தூக்குது, என்னதான் பண்றதுங்க?

8 மார்ச் 2024 – பெருந்துறைக்காரர் கேட்டது

எங்க கேட் முன்னால நீலத் தண்ணி பாட்டில் ரெண்டு வெச்சேன், ரோட்டு நாய் வர்றது நின்னுபோச்சு. அது வேலை செய்யுது, சந்தேகமே இல்ல. ஆனா வீட்ல வளர்க்கற கடுவன், 14 மாசம், சோபாக் கால், பீரோ மூலை, பைக் டயர்னு ஒண்ணு விடறதில்ல. வீட்டுக்குள்ளயும் அஞ்சு பாட்டில் வெச்சுப் பாத்தேன். ஒரு பாட்டில் மேலயே பெஞ்சுட்டான். அடிங்கறாங்க, காயடிங்கறாங்க. காயடிச்சா காவல் போயிரும்னு எங்கய்யன் சொல்றார். பட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

9 மார்ச் 2024 – என் பதில்

பாட்டில் மேலயே பெஞ்சுட்டான்ல, பதில் அதுலயே இருக்குது. சொட்டு நீலம் கலந்த தண்ணியைக் கண்டா நாய் மிரளும்னு யார் கிளப்பிவிட்டாங்களோ, எங்க வீதியில வாசலுக்கு வாசல் பாட்டில் நிக்குது. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நல்லாவே தெரியும். சிவப்பையும் பச்சையையும்தான் பிரிச்சுப் பாக்க வராது. நல்லாத் தெரியற கலர்ல, மூக்கு ஒசரத்துல, நட்டக்குத்தலா ஒரு சாமான் நின்னா நாய்க்கு அது தூண். ரோட்டு நாய் நின்னுபோச்சுன்னா, பாட்டில் வெக்கற அன்னைக்குக் கேட்டையும் தேச்சுக் கழுவியிருப்பீங்க. வேலை செஞ்சது அதுதான்.

ஒண்ணை முதல்ல பிரிச்சுக்கோணும். ஒண்ணுக்கு முட்டிட்டு வந்து போறது வேற, இது வேற. முட்டிட்டு வந்தா ஒரே எடத்துல மொத்தமா விட்டுரும், தரையில குட்டையாத் தேங்கி நிக்கும். இது அப்படியில்ல. மோந்து பாக்கும், அரை வட்டம் சுத்தும், காலைத் தூக்கி நாலு சொட்டு. அடுத்த மூலைக்குப் போயி இன்னொரு நாலு சொட்டு. செவுரு, தூணு, கதவு நெலவு, இப்படி நின்ன மேனிக்கு இருக்கற பொருளாப் பாத்துத்தான். இங்க நான் இருக்கேன்னு கையெழுத்துப் போடற சோலி அது. ஆறு மாசத்துக்கு மேல, ஒரு வயசுக்குள்ள, விடலையாகற சமயத்துல ஆரம்பிக்கும்.

எங்க வீட்ல ஒண்ணு இருக்குது. பேரு காரி. நாட்டு நாய், மூணு வயசு, காங்கேயம் மாட்டுக்குச் சொல்ற அதே காரி நெறம். திருப்பூர்ல தாராபுரம் ரோட்டுல தோட்டத்துக்குள்ள வீடு, பக்கவாட்டுல செட் போட்டு பவர்டேபிள், அதாவது டி-சர்ட் தைக்கற மெஷின், ஓட்டறோம். அவன் கையெழுத்துப் போடாத எடம் சாமி ரூம் மட்டும்தான். அதுவும் கதவு சாத்தியிருக்கறதால.

என் பதில் ஒரே வார்த்தை: காயடிங்க. சரியாயிடும். என் கூட்டாளி நாய்க்குப் பண்ணி ஒரே மாசத்துல சுத்தமா நின்னுபோச்சு. நானும் அடுத்த மாசம் காரியைக் கூட்டிட்டுப் போறேன்.

10 மார்ச் 2024

நேத்து அவசரப்பட்டுட்டேன். சென்னிமலையில இருந்து ஒருத்தங்க, அவங்க நாய்க்கு ஒம்பது வயசு, இத்தனை வருசம் ஒழுங்கா இருந்துட்டு ரெண்டு வாரமா வீட்டுக்குள்ள சொட்டு விடுதுன்னு எழுதியிருக்காங்க. அம்மணி, அது கையெழுத்தா இருக்காதுங்க, சீக்கா இருக்கும். மூத்திரப் பையில புண்ணு, கல்லு, சக்கரை, கிட்னி எதுவா வேணும்னாலும் இருக்கலாம். காயடிக்காத வயசான கடுவனுக்கு ப்ராஸ்டேட் வீங்கறது சகஜம், அப்ப ரத்தமும் கலந்து வரும். மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டி மூத்திரத்தை டெஸ்ட் பண்ணுங்க. காலைத் தூக்கிட்டு முக்கி முக்கி நின்னும் ஒண்ணும் வரலைன்னா, அன்னைக்கு ராத்திரியே தூக்கிட்டு ஓடுங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.

17 மார்ச் 2024

அடிக்கச் சொல்றாங்கன்னு பெருந்துறைக்காரர் எழுதினதுக்கு யாருமே வாயத் தொறக்கல. நான் அடிச்சவன், நானே சொல்றேன்.

எங்கய்யன் காலத்து வைத்தியம் இது: பேஞ்ச எடத்துல நாய் மூக்கை வெச்சுத் தேச்சு, முதுகுல ஒண்ணு போடறது. காரி ஒரு வயசா இருக்கையில நானும் பண்ணினேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. அவன் வீட்டுக்குள்ள பெய்யக் கூடாதுன்னு கத்துக்கல. இந்தாளு பாக்கையில பெய்யக் கூடாதுன்னு கத்துக்கிட்டான். நான் ஆசாரத்துல, அதாவது கூடத்துல, உக்காந்திருந்தா நல்ல புள்ளையாப் படுத்திருப்பான். நான் செட்டுக்குப் போன ஒடனே பீரோவுக்குப் பின்னால. இதுல இன்னொரு தொல்லை, சாயங்காலம் கயத்துல புடிச்சுட்டுப் போனா வெளியிலயும் என் முன்னால பெய்ய மாட்டான். அடக்கிட்டே வந்து, நான் கை கால் கழுவற நேரத்துல பீரோவுக்குப் பின்னால போயிருவான். மூணு மாசம் அடிச்சதை மறக்கடிக்க ஒரு வருசம் ஆச்சு. இப்பவும் நான் வெளக்கமாத்தை எடுத்தா அவன் வாலு அடங்கிருது. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும்.

அடுத்தது கழுவறது. பினாயில் ஊத்தினா நம்ம மூக்குக்குத்தான் வாசம் மறையும். நாய்க்கு அது கையெழுத்து மேல விரிச்ச துண்டு மாதிரி, அடியில இருக்கறது இருந்துட்டேதான் இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திரமே நாள்பட்டா அம்மோனியா நெடிதான் அடிக்கும். பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீங்க. வீட்டுக்காரி ஒருக்கா ஈரத்துலயே அள்ளித் தூவிட்டா. மூத்திரத்தோட சேந்து கெளம்புன நெடியில கண்ணு எரிஞ்சு, இருமி, ரெண்டு பேரும் பொடக்காளியில, அதான் கொல்லைப்புறத்துல, போயி நின்னோம்.

எங்களுக்கு வேலை செஞ்சது என்சைம் கலந்த கிளீனர்தான். தொடைச்சு எடுக்கப்படாது, ஊத்தி ஊறவிட்டு அதுவாக் காயோணும். காவித் தரையும் மரக் கதவும் உறிஞ்சி வெச்சிருக்கும், அதுக்கு ரெண்டு மூணு தடவை. டைல்ஸ் வீட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க.

18 மார்ச் 2024

எங்கெங்க பேஞ்சிருக்குன்னு கண்டுபுடிக்க ஒரு வழி. கல்லாப் பொட்டிகிட்ட கள்ள நோட்டு பாக்க வெச்சிருக்கற ஊதா லைட்டை எடுத்துட்டு, ராத்திரி வீட்டு லைட்டெல்லாம் அணைச்சுட்டுப் பாருங்க. காஞ்ச மூத்திரம் மங்கலான மஞ்சப் பச்சையில மினுங்கும். நேத்து ராத்திரி பாத்தேன். பாக்காமயே இருந்திருக்கலாம்.

18 மார்ச் 2024, மறுபடியும்

ஒரு திருத்தம். சமையல்கட்டு முழுக்க மினுங்குச்சுன்னு பயந்துட்டேன். அது சோப்புத் தூள். துணி வெள்ளையாத் தெரியறதுக்குப் போடற பொருள் இந்த லைட்டுல பளிச்சுன்னு நீலமா எரியும். செட்டுல இருக்கற வெள்ளை பனியன் பூராவுமே எரியுது. அதனால லைட்டு காட்டின எடத்துல குனிஞ்சு மோந்தும் பாருங்க. ராத்திரி பதினோரு மணிக்கு நான் தரையில குனிஞ்சு மோந்துட்டு இருக்கறதைப் பாத்துட்டு எங்கம்மா, "ஏஞ்சாமி, நாய் கெடக்குது, ஒனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

2 ஏப்ரல் 2024

முந்தாநேத்து காரிக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. ராத்திரியில இருந்து சோறு போடல, மயக்க ஊசி போட்டு, விதைப் பைக்கு முன்னால சின்னதாக் கீறி ரெண்டையும் எடுத்துட்டாங்க. மாட்டுக்கு இடுக்கி போட்டு நசுக்கற மாதிரி இல்ல. சாயங்காலம் தள்ளாடிட்டு வீடு வந்துட்டான். பத்து நாள்ல தையல் பிரிக்கோணும். அது வரைக்கும் நக்காம இருக்கக் கழுத்துல புனல் மாட்டியிருக்குது. அந்தப் புனலை எல்லாக் கதவு மேலயும் இடிச்சுட்டுத் திரியறான்.

காவல் போயிருமான்னு கேட்டவருக்கு: எங்கய்யனும் இதையேதான் சொன்னார். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. "அய்யா, நம்ம கட்டுத்தரையில இருந்த எருதெல்லாம் காயடிச்சதுதானுங்களே, அது ஏர் ஓட்டலியா, வண்டி இழுக்கலியா, புதுசா ஆள் வந்தா முட்டலியா?"ன்னு கேட்டேன். "பொலிகாளை கிட்ட மட்டும் நிக்க முடியுமா?"ன்னார். அவர் சொன்னது எனக்கு எதிரா, எனக்குச் சாதகமான்னு இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன். குலைக்கறதும் ஆளை அடையாளம் பாக்கறதும் விதையில இல்லைங்க. நேத்து மயக்கம் முழுசாத் தெளியறதுக்கு முன்னாலயே, புனலோட, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரைப் பாத்துக் குலைச்சான்.

கூட ரெண்டு சங்கதி. ஆபரேஷன் ஆனாலும் ஒரு மாசம் வரைக்கும் பொட்டை நாய்கிட்ட விடாதீங்க, விந்து மிச்சம் மீதி இருக்கும். சோத்தையும் கொறச்சுக்கோணும், இல்லைன்னா மளமளன்னு எடை ஏறிரும். பெரிய ஜாதி நாய்னா வளர்த்தி முடியட்டும்னு ஒண்ணரை வயசு வரைக்கும் தள்ளிப்போடச் சொல்ற டாக்டருங்களும் உண்டு. உங்க நாய் என்ன ஜாதின்னு எழுதவே இல்லீங்களே.

3 ஏப்ரல் 2024

லேப்ரடாராமா. அப்ப டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

5 ஜூன் 2024

ரெண்டு மாசம் ஆச்சு. மார்ச் 9 அன்னைக்கு நான் எழுதினது தப்பு.

வீட்டுக்காரி கணக்குல கெட்டி. தினசரி காலண்டர் தாள்லயே பால் கணக்கு, தண்ணி கேன் கணக்கு எல்லாம் குறிப்பா. அதுலயே காரி வீட்டுக்குள்ள பேஞ்சா "மூ"ன்னு ஒரு எழுத்து. கிழிச்ச தாளைக் கம்பியில குத்தி வெச்சிருக்கா. எடுத்து எண்ணினோம். மார்ச்ல 41 மூ. ஏப்ரல்ல புனல் இருந்ததால கணக்குல எடுத்துக்கல. மே மாசம் 19. பாதிக்கு மேல கொறஞ்சிருக்குது, நிக்கல.

என் மச்சான் பையன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கறான். அவன்கிட்டப் பொலம்பினேன். 1997ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆராய்ச்சியை எடுத்து அனுப்பினான். ரெண்டு வயசுக்கு மேல காயடிச்ச 57 கடுவன் நாயை வெச்சுப் பாத்திருக்காங்க. வீட்டுக்குள்ள பெய்யறது பாதிக்குப் பாதியாச்சும் கொறஞ்சது நூத்துக்கு அறுபதுக்கு மேல. கிட்டத்தட்ட முழுசா, அதாவது 90 சதவீதம் கொறஞ்சது நூத்துக்கு 25ல இருந்து 40 நாய்க்குள்ளதான். வயசு கூடிப்போச்சு, பழக்கம் முத்திப்போச்சுங்கறதெல்லாம் பெரிய வித்தியாசம் பண்ணலையாம். எங்கய்யனுக்கான பதிலும் அதுல இருக்குது. அசலாளைப் பாத்தாச் சீறுறது பெரும்பாலான நாய்ங்களுக்கு மாறல.

என் கூட்டாளி நாய் அந்த 25-40ல ஒண்ணு. காரி அந்த அறுபதுல ஒண்ணு. ஒரு நாயைப் பாத்துட்டு ஊருக்கே வைத்தியம் சொன்னது என் தப்பு. ஹார்மோன் சீக்கிரமே வடிஞ்சிரும், ஆனா ரெண்டு வருசத்துக்கு மேலான பழக்கம் தனியா நிக்குது.

6 ஜூன் 2024

மூத்திரம் வெளிய சிந்தாம நாய் இடுப்புல கட்டற வயித்துப் பட்டி பத்திக் கேட்டிருக்கீங்க. கடையில விக்கறது வேண்டாங்க, திருப்பூர்க்காரன்கிட்டயா கேக்கறீங்க? கட்டிங் வேஸ்ட்ல நல்ல ரிப் துணி ரெண்டு மடிப்பு, நடுவுல பழைய டர்க்கி டவல் துண்டு, ரெண்டு மொனையிலயும் ஒட்டுப் பட்டி. இடுப்பைச் சுத்தி, குறி மறையற மாதிரி கட்டினாப் போதும். ஓவர்லாக்ல பத்து நிமிச சோலி. காரிக்கு ஆறு தச்சிருக்கேன், ஒண்ணு நேவி ப்ளூ. மெஷின்ல உக்காந்திருக்கற புள்ளைங்க அதுக்கு சைஸ் லேபிள் வெச்சுத் தச்சுட்டாங்க, எக்ஸ்எல்.

காலைத் தூக்கறான், சூடா வயித்துலயே படுது, ஒரு மாதிரி முழிக்கறான். சோபா தப்பிச்சுது. ஆனா இது வைத்தியம் இல்ல, குடை. நனைஞ்சா ஒடனே மாத்தோணும், இல்லைன்னா தோலு வெந்து புண்ணாயிரும். ராத்திரி கழட்டிரோணும்.

7 ஜூன் 2024

விலைக்குக் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கீங்க. நான் டி-சர்ட் தைக்கறவன். ஆள வுடுங்க.

14 ஜூலை 2024

இத்தனை மாசத்துல நான் எழுதினதுல இது ஒண்ணுதான் உருப்படின்னு நெனைக்கறேன். சித்த நேரம் ஒதுக்கிப் படிங்க.

ஜூன் மாசம் 14 மூ. நேத்து சாயங்காலம் வீட்டுக்காரி காலண்டர் தாள்களைத் தரையில பரப்பி வெச்சுட்டு, "ஏனுங், இங்க வாங்க"ன்னு கூப்பிட்டா. அவ மத்த கணக்கும் அதே தாள்லதானே எழுதறா. சிலிண்டர் வந்தா "சி", தண்ணி கேன் வந்தா "கே", செட்டுக்குத் துணி வந்தா "கு", அதாவது குட்டியானை வண்டி. பதினாலு மூவுல பதினொண்ணு ஒரு சி பக்கத்துலயோ, கே பக்கத்துலயோ, கு பக்கத்துலயோ இருக்குது. எந்தச் சாமானும் வராத நாள்ல மூணே மூணுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க. கேஸ் சிலிண்டர் எத்தனை வாசல் ஏறி எறங்கி வருது. எத்தனை வீதியில, எத்தனை நாய் அது மேல காலைத் தூக்கியிருக்கும். அடி வளையத்துல மண்ணோட சேந்து அத்தனையும் ஒட்டிட்டு இருக்கும். நாம அதை நேரா வீட்டு நடுவுல உருட்டிட்டு வந்து நிறுத்தறோம். காரிக்கு அது முப்பது அசல் கடுவனுங்க ஆசாரத்துல வந்து வரிசையா நின்னு பேர் சொல்ற மாதிரி. அவன் என்ன பண்ணுவான்? பதில் எழுதறான். தண்ணி கேனும் அப்படித்தான். பைக் டயரும் அப்படித்தான், பெருந்துறைக்காரரே. நீங்க டீக்கடை முன்னால நிறுத்தினப்ப அங்கிருக்கற நாய் எழுதின லெட்டரை நீங்களே வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறீங்க.

வெக்கத்தை விட்டு இன்னொண்ணும் சொல்றேன். போன வருசம் வெள்ளை பீஸ் ஒரு கட்டு வந்துச்சு, ராத்திரி செட்டுக்குள்ள எறக்கி வெச்சிருந்தோம். காலையில பாத்தா மஞ்சக் கறை. நாப்பத்திரெண்டு பீஸ் போச்சு, கைக்காசு போட்டு மாத்திக் குடுத்தேன். அன்னைக்குத்தான் காரி கடைசியா அடி வாங்கினான். இப்ப யோசிச்சா, அந்தக் கட்டு நூறு எடத்துல தரையில கெடந்து வந்த கட்டு. அதைத் தரையோட வெச்சது நானு.

இன்னைக்குக் காலையில இருந்து புதுச் சட்டம்: வெளிய இருந்து வர்ற சாமான் எதுவும் தொடைக்காம நெலவைத் தாண்டப்படாது. சிலிண்டருக்கு வாசல்லயே குளிப்பாட்டு. கட்டுத் துணி பலகை மேல, இடுப்பு ஒசரத்துல. ஒறம்பரை வந்தா பையை வாங்கி ஆணியில மாட்டு.

15 ஜூலை 2024

கேட் அடியில இருக்கற இடைவெளியைச் சொல்ல விட்டுட்டேன். எங்க கேட்டுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண். அது வழியா ரோட்டு நாயுங்க மூக்கை நீட்டும், காரி இந்தப் பக்கம் இருந்து மோப்பான், நேரா திரும்பி வந்து தூண்ல காலைத் தூக்குவான். ஒரு தகரத்தை வெல்டிங் வெச்சு அடைச்சாச்சு. இருபது நிமிச சோலியை மூணு வருசமா விட்டு வெச்சிருந்திருக்கேன்.

28 ஜூலை 2024

பக்கத்து வீதிப் பொமரேனியன் காலைத் தூக்கையில குட்டிக்கரணம் போட்டுரும் போல இருக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். சிரிக்க வேண்டாம், அதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. 2018ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல பாத்திருக்காங்க. சின்னக் கடுவனுங்க ஒடம்பு அளவுக்குச் சேர்ற மாதிரி இல்லாம காலை ரொம்ப சாய்ச்சுத் தூக்குதுங்களாம். சொட்டு ஒசரமா விழுந்தா பின்னால வர்றவன் பெரிய ஆளுன்னு நெனைச்சுக்குவானாம். ஊருக்குள்ள வெக்கற பேனர் ஞாபகம் வந்துச்சு. இதுக்கு மேல எழுதினா யாராச்சும் வீட்டுக்கு வந்துருவாங்க.

29 ஜூலை 2024

கோபியில இருந்து ஒருத்தர், மூத்திரத்துல இருக்கற யூரிக் ஆசிட் உப்பாப் படிஞ்சிரும், என்சைமைத் தவிர எதுவும் கரைக்காதுன்னு எழுதியிருக்கார். மச்சான் பையனைக் கேட்டேன். நாய் ஒடம்பு யூரிக் ஆசிட்டைப் பெரும்பாலும் தண்ணியில கரையற அலன்டாயினா மாத்தித்தான் வெளியேத்துமாம். புள்ளி போட்ட டால்மேஷன் மட்டும் விதிவிலக்கு, அதனாலதான் அந்த ஜாதிக்கு அந்தக் கல்லு அதிகமா வருதாம். உங்க வீட்ல டால்மேஷன் இருந்தா நீங்க சொல்றது சரிங்க.

வீட்ல பண்ற பயோ என்சைம் பத்தியும் கேட்டிருந்தீங்க. ஒரு பங்கு வெல்லம், மூணு பங்கு எலுமிச்சை ஆரஞ்சுத் தோல், பத்து பங்கு தண்ணி, மூணு மாசம் மூடி வெச்சு, ஆரம்பத்துல அப்பப்பக் காத்து மட்டும் தொறந்து விடறது. எங்கம்மா பண்றாங்க. புளிச்ச தண்ணி, தரை நல்லா சுத்தமாகும், நெடி கொறையும். ஆனா பழைய கறைக்குக் கடையில வாங்கினதுதான் எனக்குக் கேட்டுது. அம்மா இதைப் படிக்க மாட்டாங்க.

20 ஆகஸ்ட் 2024

இன்னைக்குக் கோவமா எழுதறேன்.

மொளகாத்தூள் தூவச் சொல்லி ஒருத்தர், பாச்சை உருண்டை போடச் சொல்லி ரெண்டு பேர். மொளகாத்தூள் மூக்குலயும் கண்ணுலயும் பட்டா அது என்ன பாடு படும்? உங்க வீட்டுக் கொழந்தையும் அதே தரையிலதானே தவழுது? பாச்சை உருண்டை வெசம். நாய் அதை முழுங்கிட்டா ரத்தமே கெட்டுப் போகும். பெஞ்ச பாவத்துக்கு உசுரா?

கட்டுத்தரை, தொட்டி, எலி இருக்கற வீட்டுக்காரங்க இன்னொண்ணும் கவனியுங்க. எலிக் காய்ச்சல் மூத்திரத்துல பரவறது, எலி மூத்திரம் மட்டுமில்ல, சீக்கு வந்த நாய் மூத்திரத்துலயும்தான். மழைக் காலத்துல தேங்கின தண்ணியில செருப்பில்லாம நடக்காதீங்க. நாய்க்கு வருசா வருசம் போடற ஊசியில அதுக்கும் சேத்துப் போட்டிருக்கான்னு டாக்டரைக் கேளுங்க. நாய் பேஞ்சதைக் கழுவறப்ப கையில கீறல் இருந்தா உறை மாட்டிக்கோங்க.

21 ஆகஸ்ட் 2024

பெஞ்ச பாவம்னு நேத்து எழுதினேன். ராத்திரி பூரா அந்த வார்த்தை உறுத்துச்சு. பாவம் எங்க இருக்குது? அசல் நாய் வாசத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்தது நாம, அவன் பதில் சொன்னா வெளக்கமாத்தைத் தூக்கினதும் நாம.

25 ஆகஸ்ட் 2024

இத்தனையும் பண்ணாதேங்கற பக்கம்தான், பண்ணுன்னு எங்க சொல்லியிருக்கீங்கன்னு சென்னிமலை அம்மணி கேட்டாங்க. (அவங்க நாய்க்கு ப்ராஸ்டேட் வீக்கம்தானாம். காயடிச்சு, இப்ப நல்லாயிருச்சாம்.) நியாயமான கேள்வி.

தோட்டத்து மூலையில, கிளுவை வேலி ஓரமா, ஒடைஞ்ச ஆட்டுக்கல் ஒண்ணு கெடந்துச்சு. அதை நிமித்தி நட்டேன். காலையில எந்திரிச்ச ஒடனே, சோறு தின்ன ஒடனே, மத்தியானம் தூங்கி எந்திரிச்ச ஒடனே, கயத்துல புடிச்சு அங்கதான் கூட்டிட்டுப் போறது. முதல் நாள் பக்கத்து தோட்டத்து வேலியில அவன் பேஞ்ச மண்ணு ஒரு கை அள்ளிக் கல்லு மேல அப்பிட்டேன். மோந்தான், காலைத் தூக்கினான், ஒடனே ஒரு துண்டு கருவாடு. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குப் புரியாது, அங்கயே, அந்த நிமிசத்துலயே குடுக்கோணும். வீட்டுக்குள்ள இருக்கையில கயித்தோட ஒரு மொனை என் நாற்காலிக் காலுல. மோந்துட்டு அரை வட்டம் சுத்த ஆரம்பிச்சா, "காரி, வா"ன்னு ஒரு சத்தம், நேரா கல்லுக்கு. திட்டறது கெடையாது. அவன் ரொம்பப் புடிச்சுப் பெய்யற பீரோ மூலையில சோத்துத் தட்டை வெச்சுட்டேன். தின்ற எடத்துல பெரும்பாலும் பெய்யறதில்ல.

ஆகஸ்ட்ல இது வரைக்கும் 3 மூ.

3 நவம்பர் 2024

தீவாளி. வெடிச் சத்தத்துக்கு ரெண்டு நாளாக் கட்டிலுக்கு அடியில. ஒறம்பரை வேற எட்டுப் பேர், பை, செருப்பு, கோயமுத்தூர்ல இருந்து அவங்க வீட்டு நாய் வாசத்தோட வந்த போர்வை. மூணு நாள்ல 9 மூ. பயந்து கட்டிலுக்கு அடியில குட்டையா விட்டது ரெண்டு, அதைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு நான், சேக்கோணும்னு அவ. பயத்துல போறது கையெழுத்து இல்ல. ஆனா கழுவறது அவதானே, சேத்துக்கிட்டோம். போர்வையைப் பத்தி நான் எதுவும் சொல்லல, மாமியார் வீட்டுப் போர்வை.

12 டிசம்பர் 2024

பெருந்துறைக்காரர் லேப்ரடாருக்கு இன்னும் காயடிக்கல, கல்லு மட்டும் நட்டு, சிலிண்டரைத் தொடைச்சே முக்கால்வாசி கொறஞ்சிருச்சாம். எனக்குக் கொஞ்சம் வவுத்தெரிச்சல்தான். வரிசை மாத்திப் பண்ணியிருந்தா காரிக்கும் அப்படியே ஆயிருக்குமோ என்னமோ. ஆனா காயடிச்சதுக்கு நான் வருத்தப்படல. மார்கழி வருது, வருசா வருசம் பொட்டை நாய் பின்னால ஓடி, கடி வாங்கி, நாலு நாள் கழிச்சுக் காது கிழிஞ்சு வருவான். இந்த வருசம் வாசல்லயே கெடக்கறான்.

பொட்டையும் கையெழுத்துப் போடுமான்னு ஒருத்தர் கேட்டார். போடும். பக்கத்து தோட்டத்துப் பொன்னாச்சி பருவத்துக்கு வர்ற சமயத்துல எங்க ஆட்டுக்கல்லுக்கு வந்து பின்னங்காலை லேசாத் தூக்கிட்டுப் போகுது. காரி போயி அது மேல பதில் எழுதறான். கல்லு இப்ப ஊர்ப் பொது.

16 ஜனவரி 2025

நேத்து பட்டிப் பொங்கல். மாட்டையெல்லாம் குளிப்பாட்டி, கட்டுத்தரையில பொங்கல் வெச்சு, ஒறம்பரைப் புள்ளைங்க மஞ்சளும் குங்குமமும் எடுத்துட்டுத் தோட்டம் பூரா சுத்துச்சுங்க. சாயங்காலம் காரியைக் கூட்டிட்டுப் போறேன், வேலி மூலையில ஆட்டுக்கல்லுக்கு நடுவுல பெருசா ஒரு பொட்டு, ஆவாரம்பூ மாலை, முன்னால ஒரு உருண்டை பொங்கச் சோறு. ஈரமா மினுங்கிட்டு இருந்திருக்குது, புள்ளைங்க எண்ணெய் பூசின சாமின்னு நெனைச்சுட்டாங்க போல.

காரி பொங்கச் சோத்தைத் தின்னுட்டு, மாலையை மோந்துட்டு, அரை வட்டம் சுத்தினான். பின்னால எங்கம்மா வந்துட்டாங்க. "டேய், சாமி கல்லுடா!"ன்னு ஒரு சத்தம். அது ஆட்டுக்கல்லுங்கம்மா, ஆறு மாசமா நாய் பெய்யற கல்லுன்னு சொன்னேன். பொட்டு வெச்சாச்சு, பூ வெச்சாச்சு, படையலும் வெச்சாச்சு, அப்புறம் என்ன ஆட்டுக்கல்லுங்கறாங்க. காலையில மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க, அந்தப் பக்கம் யாரும் செருப்பு போட்டுட்டுப் போகப்படாதாம்.

மூ இன்னைக்கு மட்டும் ரெண்டு. பழைய அம்மிக்கல், ஒரல், எதுனா ஒடைஞ்சது யார் வீட்லயாச்சும் சும்மா கெடந்தாச் சொல்லுங்க, குட்டியானை அனுப்பறேன்.